அக்காவின் ஆற்றுக்கடவை

1

சென்ற கிழமை லா சப்பலில் எங்கள் கடைக்கு முன்னால் நடைபாதையை இரும்பு வேலி போட்டு அடைத்தார்கள். தண்ணீர்க்குழாய் திருத்த வந்தவர்கள் கிண்டினார்கள், மூடினார்கள், தார் ஊற்றினார்கள், வேலியை மட்டும் எடுக்காமல் போய்விட்டார்கள். சனமெல்லாம் தெருவில் இறங்கி, பஸ்ஸுக்கு ஒதுங்கி, சுற்றிக்கொண்டு போனது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. பாரிஸில் வேலி என்றால் வேலிதான், அதற்குப் பின்னால் யாரோ ஒரு அதிகாரி இருப்பார் என்ற நம்பிக்கை. எனக்குப் பொறுக்கவில்லை. தராசில் கிடந்த முருங்கைக்காயை அப்படியே விட்டுவிட்டு வெளியே போய், வேலியை இழுத்துச் சுவரோடு சாத்தினேன்.

முதலாளி உள்ளே இருந்து கத்தினார். "வதனியக்கா, அதைத் தொடாதேங்கோ! பொலிஸ் வந்தால் கடைக்குத்தான் அபராதம்."

"வேலை முடிஞ்சுதுதானே தம்பி, பிறகென்ன வேலி? நடக்கிற பாதையை நடக்காமல் விட்டால் அது விட்டுப்போடும்."

சொல்லி முடித்த பிறகுதான் அது என்னுடைய பேச்சில்லை, அப்பாவின் பேச்சு என்று தெரிந்தது. அடுத்த நாள் இங்கிலாந்திலிருந்து மலர் அக்கா தொலைபேசி எடுத்தாள். "பாலத்துக்கு ஒரு வயசு, பிள்ளை. கடையிலை எல்லாருக்கும் கேக் வெட்டிக் குடுத்தனான்" என்றாள். இரண்டும் அடுத்தடுத்து வந்ததால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

2

ஊரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வழி. முன்னால் தார் ரோட்டு, பின்னால் இரண்டு வேலிக்கு நடுவே போகிற ஒழுங்கை. ரோட்டால் போனால் பள்ளிக்கூடம் கிட்ட. ஒழுங்கையால் போனால் சுற்று. அதோடு நாயுருவியும் முள்ளும், மாரியில் சேறும். ஆனால் அப்பா என்னையும் அக்காவையும் ஒழுங்கையால்தான் அனுப்புவார். பக்கத்து வளவுக்காரர் வேலி அடைக்கிற ஒவ்வொரு முறையும் கதியால் தடிகளை ஒரு சாண் வெளியே தள்ளி நடுவார். அப்பா அவர்மேல் வழக்குப் போட்டிருந்தார். எங்கள் காணி உறுதியில் அந்த ஒழுங்கையில் வழி வாய்க்கால் பங்கு உண்டு என்று தெளிவாக எழுதியிருந்தது. ஆனால் எழுத்து மட்டும் போதாது, தொடர்ந்து நடந்துகொண்டிருக்க வேண்டும், நடக்காவிட்டால் உரித்து விட்டுப்போகும் என்று அப்பாவுக்காக வழக்குப் பேசிய அப்புக்காத்து சொல்லி வைத்திருந்தார்.

"நடவுங்கோ பிள்ளையள். நீங்கள் நடக்கிறதுதான் எங்கடை சாட்சி" என்பார் அப்பா.

நான் வெள்ளைச் சப்பாத்துச் சேறாகிறது என்று அழுதுகொண்டு போவேன். அக்கா அழமாட்டாள். போகிற போக்கில் பக்கத்து வளவுக்காரரின் கதியாலைப் பிடித்து ஒரு உலுப்பு உலுப்பிவிட்டுப் போவாள். யாழ்ப்பாணத்து ஆட்களின் வேலிச் சண்டையை நீங்கள் சிரிப்பாகப் பேசுவீர்கள், தெரியும். நாங்களும் சிரிப்போம், எங்கள் வேலியைத் தவிர மற்ற எல்லா வேலிக்கும்.

வழக்கு முடியவில்லை. சண்டை வந்தது, இடம்பெயர்ந்தோம், அந்தப் பக்கம் முழுவதும் ஆமியின் பாதுகாப்பு வலயமானது. அப்பா வேறோர் ஊரில் வாடகை வீட்டில் செத்துப்போனார். கடைசிக் காலத்தில்கூட, "ஒழுங்கையிலை ஆரும் நடக்கினமோ?" என்றுதான் வந்தவர் போனவரிடம் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

3

அக்காவும் அத்தானும் லண்டனில் இருந்தார்கள். 2009 சித்திரையில் அத்தான் வேலைக்குப் போகாமல், சண்டையை நிறுத்தக் கேட்ட ஊர்வலங்களில் நின்றார். நான் இங்கே பாரிஸில் நின்றேன். வைகாசியில் எல்லாம் முடிந்தது. அதற்குப் பிறகு அத்தானால் எங்கள் ஆட்களின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "எல்லாற்றை முகத்திலையும் அதுதான் எழுதிக்கிடக்கு" என்பார். அடுத்த வருடம், தமிழ் வீடு ஒன்றுகூட இல்லாத ஒரு ஆங்கிலக் கிராமத்தில் ஒரு கடை விலைக்கு வந்தது. வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பாலும் பாணும் பத்திரிகையும் முத்திரையும் விற்கிற சின்னக் கடை. சில வருடங்களில் அத்தான் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். அக்கா கடையை விடவில்லை.

கடை ஆற்றின் ஒரு கரையில், ஊரின் பாதி மறுகரையில். இரண்டுக்கும் நடுவில் ஆட்கள் மட்டும் நடக்கிற ஒரு மரப்பாலம் இருந்தது. அதன் பக்கத்திலேயே, பாலம் கட்டுவதற்கு முந்தைய வழியும் இருக்கிறது. தெரு நேரே தண்ணீருக்குள் இறங்கி, ஆற்றின் அடியால் போய், மறுகரையில் ஏறும். ஆழம் பார்க்க நடுவில் கோடு கீறிய வெள்ளைக் கம்பம் ஒன்று நிற்கும். அக்கா அதைக் கடவை என்பாள். எங்கள் ஊரில் வேலிக்கு நடுவே ஆள் புகுந்து போக விட்ட இடத்துக்கும் அதுதான் பெயர்.

ஒரு மாரி வெள்ளத்தில் மரப்பாலம் அள்ளுப்பட்டுப் போனது. கவுன்சில்காரர் இரண்டு கரையிலும் வேலி போட்டு, வழி மூடப்பட்டுள்ளது என்று பலகை தொங்கவிட்டார்கள். மறுகரை ஆட்கள் கடைக்கு வருவதென்றால் காரை எடுத்துக்கொண்டு தொலைவிலுள்ள கல்பாலத்தைச் சுற்ற வேண்டும். அவ்வளவு தூரம் காரில் போகிறவர்கள் அப்படியே பட்டணத்துப் பெரிய கடைக்குப் போய்விடுவார்கள். அக்காவின் கடை மெல்ல மெல்லக் காய்ந்தது.

அக்காவின் மகன் கபிலன் லண்டனில் வேலை பார்க்கிறான். ஒருநாள் எனக்குத் தொலைபேசி எடுத்தான்.

"சித்தி, அம்மாவுக்கு விசர். ஒவ்வொரு விடியவும் வேலியை விலத்திக்கொண்டு ஆத்துக்குள்ளை இறங்கி, அங்காலை போய்ப் பேப்பர் போடுறா. போன கிழமை விழுந்து முழங்கையைக் கிழிச்சுப்போட்டா. நான் கடையை வாங்க ஆள் பாத்திட்டன். நீங்கள் வந்து சொன்னால்தான் கேப்பா."

4

கார் து நோர் ரயில் நிலையம் எங்கள் கடையிலிருந்து நடக்கிற தூரம். கடையில் வேலை முடித்த கையோடு பையைத் தூக்கிக்கொண்டு போனேன். மகள் ஆரணி வழியனுப்ப வந்து, வழக்கம்போல் நான் தமிழில் கேட்டதற்கெல்லாம் பிரெஞ்சில் பதில் சொன்னாள். இங்கிலாந்து எல்லை அதிகாரி எதற்காகப் போகிறாய் என்று கேட்டான். என்னுடைய ஆங்கிலத்தில் பாதி பிரெஞ்சு. "அக்கா ஆற்றுக்குள் நடக்கிறா, மறிக்கப் போகிறேன்" என்றேன். பாஸ்போர்ட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நல்லது நடக்கட்டும் என்று சொல்லி அனுப்பினான்.

ஞாயிறு மதியம் கடையைப் பூட்டிவிட்டு அக்கா என்னை ஆற்றங்கரையால் கூட்டிக்கொண்டு போனாள். புல்வெளி, செம்மறியாடு, குனிந்த மரங்கள். ஆறு என்றதும் நான் மகாவலி அளவுக்கு நினைத்திருந்தேன். இது எங்கள் ஒழுங்கையைவிடக் கொஞ்சம் அகலம், அவ்வளவுதான். ஆனால் இந்தச் சின்ன ஆற்றுக்கு எத்தனை பாலம்! முதலில் கல்பாலம். அதன் கைச்சுவரில் இடைக்கிடை முக்கோணமாக மூலை விட்டிருந்தது. வண்டில் வந்தால் நடக்கிறவர்கள் ஒதுங்கி நிற்க என்றாள் அக்கா. அதற்கு மேலே போனால், ஒரு ஆள் அகலத்தில் முதுகு வளைந்த சின்னப் பாலம். கைச்சுவர் முழங்கால் உயரம்கூட இல்லை.

"விழுந்துபோவினமே அக்கா?"

"இது ஆக்களுக்கில்லை, பொதி குதிரைக்கு. ரண்டு பக்கமும் தொங்கிற மூட்டை இடிபடக்கூடாதெண்டு சுவரைக் கட்டையாய்க் கட்டியிருக்கிறாங்கள்."

ரயில் ஓடாத ஒரு ரயில் பாலமும் இருந்தது. லா சப்பலிலும் எங்களைச் சுற்றிப் பாலம்தான், ஆனால் எல்லாவற்றுக்கும் கீழே தண்டவாளம் ஓடுகிறது. இங்கே தண்ணீரின் சத்தத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. எனக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

திரும்பிக் கடவைக்கு வந்ததும் அக்கா நின்றாள். "கபிலன் உன்னை ஏன் கூப்பிட்டவன் எண்டு எனக்குத் தெரியும். நான் பேப்பர் போட மட்டும் இதுக்குள்ளாலை நடக்கேல்லை. வேலி போட்டிருக்கிறாங்கள், பாத்தியே? ஒருத்தரும் நடக்காட்டி, ஒரு நாள் வந்து இஞ்சை வழியே இருக்கேல்லை எண்டுவாங்கள். அப்பா சொன்னது உனக்கு மறந்துபோச்சே?"

எனக்கு மறக்கவில்லை.

5

அடுத்த நாள் விடிய நானும் அவளோடு இறங்கினேன். மறிக்க வந்தவள் ஏன் இறங்கினாய் என்று கேட்காதீர்கள். அவளைத் தனியே விட மனமில்லை. முழங்கால் வரை வரும் றப்பர் சப்பாத்து எனக்கும் ஒரு சோடி தந்தாள். கடை கூட்டுகிற தும்புத்தடியின் தும்பைக் கழற்றிவிட்டு அந்தத் தடியை ஊன்றுகோலாக்கியிருந்தாள். பத்திரிகைகள் முதுகுப் பையில். தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான். ஐஸ்போல் குளிர், ஆனால் நடக்கலாம்.

மறுகரையில் முதல் வீடு மார்கிரெட்டுடையது. எண்பதைத் தாண்டியவள், தனியே இருக்கிறாள். எங்களை விடவில்லை, தேநீர் ஊற்றினாள், பழைய பாலத்தின் கதையெல்லாம் சொன்னாள். அக்கா தலையாட்டினாள். நான் பழக்கதோஷத்தில் ஒவ்வொன்றுக்கும் பிரெஞ்சில் 'மெர்சி' என்றேன்.

திரும்பி வரும்போது வெளியே நல்ல வெயில். அக்கா மார்கிரெட்டோடு படியில் நின்று கதைத்துக்கொண்டிருக்க, நான் முன்னால் போய்க் கடவையில் இறங்கினேன். நாலு அடி வைத்திருப்பேன். தண்ணீர் தொடைக்கு வந்தது, சப்பாத்து நிரம்பியது, அதற்குள் கால் தரையை விட்டுவிட்டது. வெள்ளைக் கம்பம் கைக்கு எட்டியதால் கட்டிப்பிடித்தேன். கத்தினேனா, தெரியாது. அக்கா தடியோடு வந்து என் கோட்டின் தொப்பியைக் கொத்தாகப் பிடித்து, திட்டித் திட்டிக் கரைக்கு இழுத்தாள். ஒரு சப்பாத்து போனது போனதுதான்.

"கம்பத்தைப் பாத்தனியே இறங்க முன்னம்?"

"வெயில் எறிக்குது அக்கா. மழை பெய்யவே இல்லையே!"

"இஞ்சை பெய்ய வேண்டாம் பிள்ளை. நேற்று மேலை மலையிலை பெய்திருக்கு. அது இஞ்சை வந்துசேர இவ்வளவு நேரம் எடுத்திருக்கு. நானும் உப்பிடித்தான் போன கிழமை விழுந்தனான்."

ஆறில்லாத ஊரில் பிறந்தவர்களுக்குத்தான் இந்தப் பிழை வரும். எங்களுக்குத் தெரிந்த தண்ணீர் கிணற்றிலும் குளத்திலும் கடலேரியிலும் நிற்கிற தண்ணீர். மழை தலைக்கு மேலே பெய்தால்தான் எங்களுக்கு மழை. வேறெங்கோ பெய்தது, வெயிலடிக்கிற இடத்துக்கு இப்படி வந்து ஆளை அடிக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

மார்கிரெட்டின் அடுப்புக்கு முன்னால், அவளுடைய பழைய கவுணைப் போட்டுக்கொண்டு, நடுங்கிக்கொண்டு இருந்தபோது எனக்கு 2009 வைகாசி நினைவுக்கு வந்தது. அப்போதும் பாரிஸில் நல்ல வெயில். தெருவெல்லாம் சனம் கோப்பி குடித்துக்கொண்டிருந்தது. மழை வேறெங்கோ பெய்தது. அது எங்கள் வீடுகளுக்குள் ஏறி வர மாதங்கள் எடுத்தது, சிலருக்கு வருடங்கள். அத்தான் அந்தத் தண்ணீரில்தான் போனார். இத்தனை நாளும் நெஞ்சுவலி என்று சொல்லிக்கொண்டிருந்தோம். நான் வாய்விட்டு அழுதேன். மார்கிரெட் குளிரால் அழுகிறேன் என்று நினைத்து இன்னொரு போர்வை கொண்டுவந்தாள். அக்காவுக்குத் தெரியும். என் தலையைத் துவட்டினாள்.

6

மார்கிரெட் தன் காரில், மாட்டு வண்டிலை விட மெதுவாக, கல்பாலத்தைச் சுற்றி எங்களைக் கடையில் கொண்டுவந்து விட்டாள். விஷயம் கேள்விப்பட்டுக் கபிலன் பின்னேரமே லண்டனிலிருந்து வந்து நின்றான்.

"சித்தி, உங்களை மறிக்கச் சொல்லிக் கூப்பிட்டது. நீங்களும் சேந்து இறங்கியிருக்கிறீங்கள்!"

"ஓம், இறங்கினன். இனியும் இறங்குவன். ஆனால் கம்பத்தைப் பாத்திட்டுத்தான்."

அவன் என்னை விட்டுவிட்டு அக்காவின் பக்கம் திரும்பினான். பிழையான பிள்ளை இல்லை, தகப்பனைப் பறிகொடுத்தவன், தாயையும் ஆற்றுக்குக் கொடுக்கப் பயப்படுகிறான். அது அவன் முகத்தில் தெரிந்தது. "அம்மா, நாளைக்குக் கவுன்சில் கூட்டம் இருக்கு. பாலம் கட்டமாட்டம் எண்டு அவை சொன்னால் கடையை விக்கிறம். சரியோ?"

அக்கா கல்லாப்பெட்டியைத் துடைத்து முடித்தாள். பிறகு, "ஓம்" என்றாள்.

கூட்டம் ஊர் மண்டபத்தில் நடந்தது. கவுன்சிலிலிருந்து வந்தவள் இளம் பெண், மரியாதையாகப் பேசினாள். பாலத்துக்குக் காசில்லை என்றாள். சுற்றிப்போக ரோட்டு இருக்கிறது, பாவிக்கிறவர்களும் குறைவு என்றாள். அக்கா எழும்பினாள். கடைக்குள் பேசுகிற ஆங்கிலம் அவளுக்கு நன்றாக வரும், மண்டபத்தில் பேசிப் பழக்கமில்லை. ஆனாலும் பேசினாள். எங்கள் ஒழுங்கையைப் பற்றி, அப்பாவின் வழக்கைப் பற்றி, நாங்கள் சேற்றில் நடந்து பள்ளிக்கூடம் போனதைப் பற்றி. நடக்காவிட்டால் வழி செத்துவிடும், அதனால்தான் மாரி முழுவதும் இந்த ஆற்றுக்குள்ளால் நடக்கிறேன் என்றாள்.

அந்தப் பெண் கொஞ்சம் தயங்கினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். இந்த நாட்டில் பொது வழி ஒன்று ஒருமுறை பொது வழியானால் எப்போதும் பொது வழிதான். யாரும் நடக்காவிட்டாலும் அது அழியாது. அந்த வேலி, பாலம் இல்லாததால் யாரும் விழுந்துவிடக் கூடாது என்று போட்டது. அதற்காக நீங்கள் தண்ணீரில் நடந்திருக்கத் தேவையே இல்லை.

அக்காவின் காதுகள் சிவந்ததை நான் பார்த்தேன். அந்த நேரம் அந்தப் பெண்ணை அடிக்கவேண்டும் போல் எனக்கு ஆத்திரம் வந்தது. அவள் சொன்னது நல்ல செய்திதான். ஆனால் அக்காவின் மாரி முழுவதையும் ஒரு வசனத்தில் கழுவி ஊற்றிவிட்டாளே.

அப்போது மார்கிரெட் எழும்பினாள். "வரத் தேவையில்லை என்பது அவளுக்குத் தெரியாது. வந்தாள். நடக்கத் தேவையில்லை என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது. நாங்கள் காரில் பட்டணத்துக்குப் போனோம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு ஒருவரும் ரோட்டு இருக்கிறது என்று சொல்லவில்லை. பாலத்தைப் பற்றி வசந்தகாலத்தில் திரும்ப யோசிப்போம் என்று கூட்டத்தை முடித்தார்கள்.

வெளியே வந்ததும் கபிலன், "இது இல்லை எண்டுதானே அர்த்தம் அம்மா?" என்றான்.

"இல்லை எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை" என்றாள் அக்கா.

7

விடிய எழும்பிப் பார்த்தால் அக்கா சப்பாத்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

"இனி நடக்கத் தேவையில்லையாமே அக்கா."

"ஓம். வழிக்குத் தேவையில்லை. பேப்பர் ஆர் குடுக்கிறது?"

நானும் போனேன், கபிலனும் பின்னால் வந்தான். கம்பத்தில் தண்ணீர் இறங்கியிருந்தது. மறுகரையில் மார்கிரெட் நின்றாள். அவளோடு அரைவாசித் தெருவே நின்றது, எல்லாருடைய காலிலும் றப்பர் சப்பாத்து. ஒரு பெரிய மனிதர் அங்கே மரத்தில் கயிறு கட்டி, மற்ற நுனியை எங்கள் பக்கம் எறிந்தார், பிடித்துக்கொண்டு நடக்க. கபிலன் அதைப் பிடித்து இங்கே மரத்தில் கட்டினான். கணினிக்கு முன்னால் இருக்கிற பிள்ளைக்கு முடிச்சுப் போடத் தெரியவில்லை. அக்கா அவிழ்த்துவிட்டுத் தானே இறுக்கிக் கட்டினாள். அவர்கள் ஒவ்வொருவராக அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, குளிரில் கூவிக்கொண்டு, பால் வாங்கக் கடைக்கு வந்தார்கள்.

கடையை விற்கும் கதையைக் கபிலன் பிறகு எடுக்கவில்லை. வசந்தகாலத்தில் அந்தக் கவுன்சில் பெண் வந்து பார்த்தபோதும் சனம் ஆற்றுக்குள்தான் நடந்துகொண்டிருந்தது. கவுன்சில் மரம் கொடுத்தது, ஊர் ஆள் கொடுத்தது. பாலம் எழும்ப அதற்குப் பிறகும் ஒரு மாரி போனது.

8

அந்தப் பாலத்துக்குத்தான் இப்போது ஒரு வயது. எல்லாரும் பாலத்தால் நடக்கிறார்கள், அக்காவும்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவள் பக்கத்திலுள்ள கடவைக்குள் இறங்கித் தண்ணீருக்குள்ளால் போகிறாளாம். அந்தக் கவுன்சில் பிள்ளை சொன்ன சட்டம் சரியாகத்தான் இருக்கும், எண்டாலும் ஒரு காவலுக்கு என்கிறாள்.

ஊரில் எங்கள் பக்கத்தை ஆமி விட்டுவிட்டது. போய்ப் பார்த்துவிட்டு வந்த மச்சாள் சொன்னாள், பக்கத்து வளவுக்காரரின் மகன்மார் ஒழுங்கை வாயில் மதில் கட்ட அத்திவாரம் வெட்டியிருக்கிறார்களாம். கேட்டதற்கு, "ஆரும் நடக்கிறேல்லைத்தானே" என்றார்களாம். அங்கேயுள்ள சட்டம் இங்கிலாந்துச் சட்டம் இல்லை. அங்கே நடக்காத வழி போய்விடும், அப்பாவின் அப்புக்காத்து சொன்னபடியே.

ஆடியில் போகிறோம். நானும் அக்காவும் டிக்கெட் எடுத்துவிட்டோம். என்ன பாதை, ஏன் நடக்க வேண்டும் என்று ஆரணி பிரெஞ்சில் துருவித் துருவிக் கேட்டாள். நான் எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "நானும் வாறன்" என்றாள். அந்த இரண்டு சொல்லும் தமிழில் வந்தன. நான் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை, அடுத்த நாளே அவளுக்கும் ஒரு டிக்கெட் எடுத்தேன்.

நேற்று அக்காவிடம் என்ன கொண்டுபோகிறாய் என்று கேட்டேன்.

"றப்பர் சப்பாத்து."

"ஆடியிலை அங்கை ஏது அக்கா தண்ணி?"

"தண்ணிக்கில்லை பிள்ளை. இவ்வளவு காலமாய் ஒருத்தரும் நடக்கேல்லை, ஒழுங்கை முழுக்க முள்ளாய்த்தான் இருக்கும். உனக்கும் உன்ரை பெட்டைக்கும் சேத்து மூண்டு சோடி வாங்கி வைச்சிருக்கிறன்."